டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்றே பிரவுன் இன்ஹேலரை நிறுத்திவிட்டேன், இப்போது 11-ஆவது வாரம்

பனித்துளி:

வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை, 11-ஆவது வாரம் நடக்கிறது. ஒன்பது வயதிலிருந்தே ஆஸ்துமா. நான்கைந்து வருடமாகக் காலையும் இரவும் புடெசோனைடு (பிரவுன் கலர்), இளைப்பு வந்தால் மட்டும் நீலக் கலர் சால்புடமால், இதுதான் என் மருந்து. ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, நீல இன்ஹேலரை மாதத்தில் ஒரு தடவை தொட்டால் அதிகம்.

டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே பிரவுனை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் "கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது" என்று இருந்தது, வீட்டிலும் "ஸ்டீராய்டா?" என்று கேட்டு எல்லார் முகமும் மாறிவிட்டது. அது போதுமாக இருந்தது எனக்கு. முதல் மூன்று வாரம் எதுவும் ஆகவில்லை, பரவாயில்லையே, மருந்து இல்லாமலே சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே என்று தைரியமாகக்கூட இருந்தேன். அப்புறம் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. போன வாரம் மட்டும் நான்கு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு இறுகி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். நீல இன்ஹேலரையும் அடிக்கப் பயம், முடிந்தவரை தாங்கிக்கொண்டு, இனி முடியாது என்கிறபோது ஒரே ஒரு பஃப். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தும் அதன் பின்பக்க எண் (இன்னும் எத்தனை பஃப் மீதி என்று காட்டுவது) 190-லிருந்து 163-க்கு வந்துவிட்டது.

மகப்பேறு டாக்டரிடம் ஆஸ்துமா இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், மருந்தை நிறுத்தியதைச் சொல்லவில்லை. திட்டுவார்களோ என்று தயக்கம். இப்போது என் கேள்வி இரண்டு. மறுபடி ஆரம்பித்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இந்த ஆறு வாரம் மூச்சு திணறியதில் ஏற்கெனவே ஏதாவது ஆகியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள், சரியாகத் தூங்கியே ரொம்ப நாள் ஆகிறது.

மழைமேகம்:

பனித்துளி, முதலில் ஒன்று. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டு "நிறுத்திவிட்டேன், ராத்திரியில் எழுந்துகொள்கிறேன்" என்று அப்படியே சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். நான் சொல்லாமல் இருந்து பட்டேன், அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளைச் சுமந்தபோது நீங்கள் செய்ததையேதான் செய்தேன், ஒரு எழுத்து மாறாமல். 24-ஆவது வாரத்தில் சாதாரண சளி பிடித்தது. இரண்டாவது நாள் சாயங்காலம் கணவரிடம் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "தண்ணி" என்பதற்கும் "கொடுங்க" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. அவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்தார். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு போனதாம், பிற்பாடு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், நெபுலைசர், கையில் ஊசி. வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஒரு பெல்ட் கட்டியிருந்தார்கள். நான் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறேன், காது மட்டும் அந்தத் துடிப்பையே எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் எந்த ஸ்டீராய்டுக்குப் பயந்தேனோ அதையே நாற்பது மில்லிகிராம் மாத்திரையாக ஐந்து நாள் விழுங்க வேண்டி வந்தது. இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம், இது மில்லிகிராம். சின்னதைத் தவிர்க்கப் போய்ப் பெரியதை வாங்கிக்கொண்டேன். அங்கிருந்த வயதான நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ மூச்சு விட்டாத்தாம்மா அது மூச்சு விடும்."

அவள் 35-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். அதனால்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. இப்போது ஏழு வயது, நன்றாக இருக்கிறாள். சின்னவனுக்கு முதல் நாளிலிருந்து பிரசவ நாள் வரை ஒரு வேளை விடாமல் இன்ஹேலர் எடுத்தேன். ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை, 39-ஆவது வாரத்தில் பிறந்தான். இது என் ஒருத்தியின் அனுபவம்தான், எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு:

நான் மருந்தாளுநர். இந்தக் கேள்வியோடு வருகிற பெண்களை அடிக்கடி பார்க்கிறேன், பாதிப் பேர் நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். இது உங்கள் ஒருவருடைய தவறு இல்லை, பனித்துளி. 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் 5-ஆவது வாரத்துக்கும் 13-ஆவது வாரத்துக்கும் நடுவில் ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்குவது 23 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாரும் ஒரே பயத்தில் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

உங்கள் முதல் கேள்வி. கர்ப்பத்தில் அதிகமாக ஆராயப்பட்ட ஸ்டீராய்டு இன்ஹேலர் எது என்று கேட்டால், நீங்கள் நிறுத்திய அதே புடெசோனைடுதான். ஸ்வீடனில் பிறக்கும் குழந்தைகளின் விவரத்தையெல்லாம் தேசிய அளவில் பதிவு செய்கிறார்கள். அதை வைத்து 1999-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே புடெசோனைடு இன்ஹேலர் எடுத்த தாய்மாருக்குப் பிறந்த 2014 குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறவிக் குறைபாடு 3.8 சதவீதம், நாட்டின் பொதுக் கணக்கு 3.5 சதவீதம். அதாவது எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற அளவேதான், ஏறத்தாழ. இந்த 3.5-ஐயும் கவனியுங்கள். எந்தக் கர்ப்பத்திலும் குறைபாட்டு வாய்ப்பு பூஜ்யமாக இருப்பதில்லை, அது யாருடைய குற்றமும் இல்லை.

ஏன் அவ்வளவு பாதுகாப்பு என்றால், இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போய் அங்கேயே வேலை செய்கிறது. தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குள் போகிறதில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம், நஞ்சுக்கொடி தாண்டிப் போவது அதிலும் கொஞ்சம். மழைமேகம் சொன்ன கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பஃப் 200 மைக்ரோகிராம் என்றால் நாற்பது மில்லிகிராம் மாத்திரை 40,000 மைக்ரோகிராம். இரண்டு மருந்தின் வீரியமும் வேறு வேறு, அதனால் எண்ணுக்கு எண் ஒப்பிடுவது சரியில்லை, ஆனாலும் எது சின்னது எது பெரியது என்பது புரியும்.

ஆனால் மாத்திரை தேவைப்படும் நிலை வந்தால் அதையும் மறுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் உதட்டுப் பிளவு வாய்ப்பு சிறிது கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்லின, வேறு சில அப்படி இல்லை என்றன. கடுமையான இளைப்பு வந்தவருக்கு மாத்திரை கொடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து, இதில் மருத்துவ வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டதும் உடம்பு ஏற்றுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி நினைவுக்கு வருகிறது போல. அது வேறு வகை ஹார்மோன், இது வேறு.

நீல இன்ஹேலர் பற்றி. சால்புடமால் 1969-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இளைப்பு வந்தால் தயங்காமல் எடுக்க வேண்டிய மருந்து அது. தாங்கித் தாங்கி கடைசியில் ஒரு பஃப் எடுப்பது உங்களுக்கும் நல்லதில்லை, குழந்தைக்கும் நல்லதில்லை. ஆனால் உங்கள் எண் 190-லிருந்து 163-க்கு இறங்கியது எனக்குக் கவலையாக இருக்கிறது. 27 பஃப். மருந்து கெடுதல் செய்யும் என்பதால் இல்லை, ஆஸ்துமா கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும், நீங்கள் அதைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டீர்கள். பிரவுன் மறுபடி ஆரம்பித்தாலும் உடனே கேட்காது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் ஒரு நாள் தள்ளினாலும் தள்ளியதுதான்.

வேர்கள்:

எல்லாரும் மருந்து மருந்து என்றே எழுதுகிறீர்கள். முதல் மூன்று மாதம்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம், அந்த நேரத்தில் எந்த ரசாயனமும் உள்ளே போகக்கூடாது என்பதுதான் என் கருத்து. தாலிடமைடு கதை தெரியும் அல்லவா? அதையும் அன்றைக்குப் பாதுகாப்பானது என்றுதான் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி, ஆவி பிடிப்பது, தூசியிலிருந்து ஒதுங்கி இருப்பது, இவற்றை வைத்து மூன்று மாதத்தை ஓட்டிவிட்டு அப்புறம் மருந்து எடுக்கலாமே.

மருந்துச்சீட்டு:

வேர்கள், தாலிடமைடு நியாயமான கேள்வி, அதனால் முழுதாகப் பதில் சொல்கிறேன். அது 1950-களின் கடைசியில் தூக்க மருந்தாகவும் மசக்கை வாந்திக்கும் விற்கப்பட்டது. கர்ப்பிணிகளிடம் என்ன செய்யும் என்று யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை, சோதிக்காமலே பாதுகாப்பு என்று விளம்பரம் செய்தார்கள். சில வருடத்துக்குள்ளேயே குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறக்கத் தொடங்கி, 1961-ல் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் பல நாடுகளில் பிறவிக் குறைபாட்டுப் பதிவேடுகளே வந்தன, மேலே நான் சொன்ன மாதிரியான கணக்கெல்லாம் அதனால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972-லிருந்து இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாக லட்சக்கணக்கான தாய்மார் எடுத்திருக்கிறார்கள், தாலிடமைடு போல ஒன்று இருந்திருந்தால் இத்தனை காலம் மறைந்திருக்க வழியில்லை.

அப்புறம், 'மூன்று மாதம் ஓட்டிவிடலாம்' என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அம்மாவின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 அளவில் இருக்கிறது என்றால், தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிற ரத்தத்தில் சுமார் 30தான். குழந்தை ஏற்கெனவே அவ்வளவு குறைந்த கையிருப்பில்தான் வாழ்கிறது, அதிலும் அம்மாவுக்குக் குறைந்தால் அதற்கு ஒதுங்க இடமே இல்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, அம்மாவுக்கு ரத்த அழுத்தக் கோளாறு எல்லாம் கூடுகிறது என்பது பல ஆய்வில் வந்தாயிற்று. தூசி, புகை தவிர்ப்பது கட்டாயம் செய்ய வேண்டியதுதான், அது மருந்தோடு சேர்த்துச் செய்வது, மருந்துக்குப் பதிலாக அல்ல. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குக் கொஞ்சம் இதம் தரலாம், ஆனால் மூச்சுக்குழாய் உள்சுவரின் வீக்கத்தை அது தொடாது.

நள்ளிரவுப்பணி:

நான் பிரசவ வார்டில் நர்ஸ். மருந்துச்சீட்டு சொன்னதற்கு மேல், எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும் சில விஷயங்களைச் சொல்கிறேன், பனித்துளிக்குப் பிற்பாடு தேவைப்படும்.

கர்ப்பத்தில் எல்லாருக்குமே கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கிறது, அதனால் காற்றுப் போதவில்லை என்கிற உணர்வு வரும். ஆனால் அதில் இருமலோ, விசில் சத்தமோ, ராத்திரி நெஞ்சு இறுகி எழுந்து உட்காருவதோ இருக்காது. நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும்போது மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கர்ப்பத்தால் மட்டும் அந்த எண் பெரிதாக மாறாது, ஆஸ்துமா மோசமானால் இறங்கும்.

இதே காரணத்தால் இன்னொரு விஷயம் நடக்கும். கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவு, 28-லிருந்து 32 வரை இருக்கும். கடுமையான இளைப்போடு வந்தவருக்கு 40 என்று ரிப்போர்ட் வந்தால், மற்றவர்களுக்கு அது நார்மல், இவருக்கு மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்று அர்த்தம். ஆக்சிஜன் அளவையும் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடமாட்டோம். ஆகவே எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் கர்ப்பம், ஆஸ்துமா இரண்டையும் வாசலிலேயே ஒரே மூச்சில் சொல்லுங்கள். கர்ப்பிணி என்றதும் மருந்து கொடுக்கக் கை நடுங்குகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். 1999-ல் வந்த ஓர் ஆய்வில் இளைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த கர்ப்பிணிகளில் 44 சதவீதம் பேருக்குத்தான் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள், கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 66. இரண்டு வாரம் கழித்தும் இளைப்பு தீராமல் இருந்தவர்கள் கர்ப்பிணிகளில்தான் அதிகம். அதைப் படித்ததிலிருந்து நான் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து கேட்டுவிடுகிறேன்.

பேச்சு நடுவில் அறுந்தால், உதடு நீலமானால், நீல இன்ஹேலர் எடுத்தும் நான்கு மணி நேரம் தாங்காமல் மறுபடி தேவைப்பட்டால், பின்னால் குழந்தை அசைவு குறைந்தாலும், வீட்டில் காத்திருக்க வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

பிரசவத்துக்கு வரும்போது இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும், வலி நேரத்திலும் வழக்கம்போல எடுக்கலாம். பிரசவம் ஆனபின் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் கார்போபிராஸ்ட் ஊசி ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஆக்சிடோசினால் அந்தத் தொல்லை இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேபடலாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பதுதான். இதெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் 'ஆஸ்துமா' என்று பெரிதாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பால் கொடுக்கும்போதும் இரண்டு இன்ஹேலரையும் தாராளமாக எடுக்கலாம், பாலில் கலப்பது மிகச் சொற்பம்.

பனித்துளி:

எல்லாருக்கும் நன்றி. மழைமேகம் அக்கா, உங்கள் பதிலைப் படித்தவுடனே கூப்பிட்டேன், அன்றைக்குச் சாயங்காலமே வரச் சொன்னார்கள். திட்டவே இல்லை. நிறுத்தியதை ஒளிக்காமல் சொன்னதுதான் முக்கியம் என்றார். அங்கேயே ஊதச் சொன்னதில் பீக் ஃப்ளோ 290, என்னுடைய நல்ல நாள் எண் 400. பழைய அளவிலேயே புடெசோனைடு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கர்ப்பத்தில் ஆஸ்துமா மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மோசமாகிறது, ஒரு பங்குப் பேருக்கு நன்றாகிறது, மீதிப் பேருக்கு அப்படியே இருக்கிறது, நீங்கள் எந்தப் பங்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் மாதம் ஒரு தடவை வந்து ஊதிக் காட்டுங்கள் என்றார். அளவைக் குறைக்கும் பேச்சே பிரசவம் முடியும் வரை வேண்டாமாம்.

இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். மருந்து இல்லாத அந்த ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் போகும் அளவுக்கு இளைப்பு வரவில்லை, பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்கேனும் முடிந்தது, நன்றாக இருக்கிறது, கையைக் காலை உதறிக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம், இத்தனை வருடமாக நான் இன்ஹேலரைத் தப்பாகவே எடுத்திருக்கிறேன். அழுத்திவிட்டு அப்புறம் வேகமாக இழுப்பேன். முதலில் மூச்சை முழுதாக வெளியே விட்டு, இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, மெதுவாக நான்கைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி பிடித்து வைக்க வேண்டுமாம். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழாய்) ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கழுவித் துணியால் துடைக்கலாமா?

மருந்துச்சீட்டு:

துடைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காற்றில் உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பஃப்பையும் தனித்தனியாக இழுங்கள், இரண்டைச் சேர்த்து அடித்து இழுக்க வேண்டாம். பிரவுன் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும். கேட்டது ஒன்று, சொன்னது மூன்று, இருக்கட்டும், எல்லாம் உதவும்.

மழைமேகம்:

ஸ்கேன் செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. ராத்திரி தூக்கம் எப்படி இருக்கிறது இப்போது?

பனித்துளி:

முதல் ஐந்து நாள் எழுந்தேன் அக்கா, நீலம் தேவைப்பட்டது, இந்தத் தடவை தள்ளிப்போடாமல் உடனே எடுத்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. இன்றைக்குக் காலை ஊதியதில் 380. நீல இன்ஹேலரின் எண் 154-ல் வந்து நின்றது, ஒன்பது நாளாக அப்படியே நிற்கிறது.